அருகம்புல்லைக் கொன்ன கூரை

ஏலே மக்கா, இப்படி வா. திண்ணையில உக்காரு. அந்த போனக் கவுத்து வையி, அது ஒண்ணும் ஓடிப்போவாது.

பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கியாம்லா? உங்க அம்ம சொன்னா. ஏசி போட்ட அரங்கமாம். ஒரு நாள் கபடியாம், மறுநாள் கச்சேரியாம், அதுக்கு மறுநாள் மாநாடாம். மழை பேஞ்சா நனையாது, வெயில் அடிச்சா வேர்க்காது. உலகத்துல இப்படி ஒண்ணு உண்டான்னு தெரு பூரா அளந்துக்கிட்டு வாரியாம். அளந்துக்கோ. இந்த வயசுல அளக்காம எந்த வயசுல அளக்கப் போற?

ஆனா உண்டான்னு கேட்ட பாத்தியா, அதுக்கு மட்டும் பதில் சொல்லிருதேன். உண்டு. உங்க அப்பன் பொறக்கதுக்கும் முந்தியே உண்டு. அமெரிக்காவுல ஹூஸ்டன்னு ஒரு ஊரு. என் மகன் அங்கதான் இருக்கான். போயிருந்தப்போ பியர்லேண்டு மீனாட்சி கோயிலுக்குக் காருல கூட்டிட்டுப் போனான். வழியில மலையத்தனை பெருசுல வட்டமா ஒரு கட்டடம். ஒரு ஈ காக்கா இல்ல. பூட்டிக் கெடக்கு. இது என்னலன்னு கேட்டேன். ஆஸ்ட்ரோடோம்னான். ஒரு காலத்துல உலகத்தோட எட்டாவது அதிசயம்னு பேருப்பான்னான். அதிசயத்த எதுக்குடே பூட்டி வச்சிருக்குன்னு கேட்டேன். பய முழிக்கான்.

அப்புறம் விடுவேனா? கேட்டுக் கேட்டு முழுக்கதையையும் கறந்துட்டேன். சொல்லுதேன், கேளு. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ, ஆனா வெளிய போயி என் பேரச் சொல்லாத.

எல்லாம் ஒரு கொசுவுலதான் ஆரம்பிச்சுது.

ஹூஸ்டன் கடலோரச் சதுப்புப் பூமி. வெயிலு தலைய உருக்கும், வேர்வ காயாது, சாயங்காலமானா கொசு ஆளத் தூக்கிட்டுப் போயிரும். அங்க பேஸ்பாலுன்னு ஒரு ஆட்டம், கட்டையால பந்த அடிச்சுட்டு ஓடுதது. தொறந்த மைதானத்துல ஆடிக்கிட்டிருந்தாவ. பாக்க வந்தவன் பந்தப் பாப்பானா, கொசுவ அடிப்பானா? நம்ம ஆளா இருந்தா என்ன செஞ்சிருப்பான்? வேப்பந்தழையப் போட்டு மூட்டம் போட்டுட்டு ஆட்டத்தப் பாத்திருப்பான். அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? வானத்தையே மூடிட்டாவ.

இந்த யோசனைக்கு முன்ன நின்ன ஆளு ராய் ஹாஃப்ஹைன்ஸ். ஜட்ஜா இருந்தவரு, மேயராவும் இருந்தவரு. ரோமாபுரிக்குப் போயி பழைய கொலோசியத்தப் பாத்திருக்காரு. அந்தக் காலத்துல அதுக்கு மேல துணிப்பந்தல் இழுத்து நெழல் குடுப்பாவன்னு யாரோ சொல்லியிருக்காவ. மனுசன் ஊருக்கு வந்து பந்தல் போட்டாரு பாரு, அவரு பந்தல்! தரையில இருந்து உச்சிக்கு 208 அடி. நடுவுல ஒத்தத் தூண் கெடையாது. செலவு சுமார் மூணரைக் கோடி டாலரு, அந்தக் காலத்துக் காசுல. 1965 ஏப்ரல் 9ஆம் தேதி தொறந்தாவ. ஜனாதிபதி ஜான்சனே வந்து உக்காந்து பாத்தாரு.

வித்தை தெரிஞ்ச மனுசன்தான், இல்லங்கல. பக்கத்துலயே விண்வெளிக்காரன் ஆபீசு வந்திருச்சா, டீம் பேரையும் அதுக்குத் தக்கன ஆஸ்ட்ரோஸ்னு மாத்தியாச்சு. சரி, போவட்டும். தரையப் பெருக்கி மட்டம் பண்ணுத கூலிக்காரனுக்கு ராக்கெட்டுல போறவன் உடுப்பு எதுக்குன்னு கேக்கேன்? மாட்டிவிட்டிருக்காவ மக்கா! பாவம், வெளக்குமாத்தப் பிடிச்சுக்கிட்டு சந்திரனுக்குப் போற சட்டையில நின்னிருக்கான். ஜட்ஜு மட்டும் என்ன சும்மாவா? கட்டடத்துக்குள்ளயே தனக்கு ஒரு வீடு. அதுக்குள்ள பந்து உருட்டி வெளையாட எடம், முடிவெட்டுத கடை, சாமி கும்பிட சின்னக் கோயில். மைதானத்துக்குள்ளயே குடியிருந்த ஆளு அவரு.

இன்னொரு சாமர்த்தியம் சொல்லுதேன், இது உனக்குன்னே வச்சிருந்தது. எந்த ஆட்டத்துலயும் ஒசந்த டிக்கெட்டு எங்க இருக்கும்? கிட்டக்க. மட்டமான டிக்கெட்டு? உச்சாணியில, தூரத்துல. அங்க இருந்து பாத்தா ஆட்டக்காரன் எறும்புக் கணக்கா தெரிவான். அந்த எடத்த எவன் வாங்குவான்? நம்ம ஜட்ஜு அந்த உச்சாணி வரிசையில அறை அறையாத் தடுத்தாரு. மெத்த போட்டாரு, டீவி வச்சாரு, கதவுக்குக் கதவு அலங்காரம் பண்ணினாரு. ஸ்கைபாக்ஸுன்னு பேரு வச்சாரு. ரோமாபுரியிலயும் பெரிய மனுசங்க மேலதான் உக்காந்தாவன்னு ஒரு போடு போட்டாரு. எண்ணெய்க் கெணறு வச்சிருக்கவன் எல்லாம் விழுந்தடிச்சு வாங்கிட்டான்! ஆட்டம் தெரியாத எடத்துக்குத்தான் வெல அதிகம். மைதானத்துல பெரிய மனுசனுக்குத் தனி அறை வச்சு காசு பாக்குத வித்தை உலகம் பூரா பரவினதுக்கு இவரும் ஒரு காரணம். ஆமா, நீ எடுத்தது என்ன டிக்கெட்டு? பிளாட்டினமா? மேல எத்தனாவது வரிசைன்னு கேட்டுக்கிட்டியா? கேக்க மாட்ட. பேரு பளபளன்னு இருந்தா நீ எதையும் கேக்க மாட்ட.

இப்போ வாரேன் நம்ம விசயத்துக்கு.

வானத்த மூடியாச்சு. கீழ புல்லு வளரணும்லா? புல்லுக்கு வெயில் வேணும்னு அந்தப் படிச்சவியளுக்கும் தெரியும். அதனால கூரையில கண்ணாடி கணக்கா வெளிச்சம் விடுத பிளாஸ்டிக் பலகைய 4,500க்கு மேல பதிச்சாவ. கீழ நட்டது சாமானியப் புல்லு இல்ல. இதுக்குன்னே ஆராய்ச்சி பண்ணித் தேர்ந்தெடுத்த பெர்முடா புல்லு. அது என்ன புல்லு தெரியுமா? நம்ம அருகம்புல்லு சாதி. நம்ம வயக்காட்டுல புடுங்கிப் புடுங்கி நாலு தலமொறைக்கு முதுகு ஒடிஞ்சிருக்கு, அந்த அருகம்புல்லு! நெருப்பு வச்சாலும் சாவாது. வரப்புல எறிஞ்சாலும் தழைச்சுரும். பிள்ளையாரு தலைக்குப் போனத குப்பையில போட்டா, அங்கயும் வேரு விடும்.

அத நட்டுட்டு ஆட வந்தா, பகலு நேரத்துல புது வில்லங்கம். பந்து மேல போவுது, ஆட்டக்காரன் அண்ணாந்து பாக்கான். கூரையில இருந்து வெயிலு சுள்ளுன்னு கண்ணுல அடிக்குது. சட்டம் சட்டமா இரும்பு, நடுவுல கண்ணு கூசுத வெளிச்சம். பந்து எங்க வருதுன்னு தெரியல. தலையில விழுந்துருமோன்னு பயந்து கைய வச்சு மூடுதான். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாத்தாவ. ஆவல. பந்துக்குக் கலர் அடிச்சுப் பாத்தாவ, ஆரஞ்சு, மஞ்சள்னு. அதுவும் ஆவல. கடைசியில கூரைப் பலகைக்கே பெயிண்ட் அடிச்சுட்டாவ. கூச்சம் போச்சு. பந்து தெரிஞ்சுது.

புல்லு செத்துப்போச்சு.

அருகம்புல்லக் கொன்னவன்னு ஒருத்தன உலகத்துல காட்டச் சொன்னா, நான் ஹூஸ்டனத்தான் காட்டுவேன். நம்ம ஊருல எத்தன மருந்தடிச்சும் முடியாதத ஒரு கூரைய வச்சு சாதிச்சிருக்காவ.

அதோட விட்டாவளா? ஆட்டம் பாதியில நிக்குது, டிக்கெட்டு வித்தாச்சு. செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சப் பெயிண்ட் அடிச்சாவ! மேல கூரைக்கு ஒரு பெயிண்டு, கீழ புல்லுக்கு ஒரு பெயிண்டு. அந்த வருசம் மிச்ச ஆட்டம் பூரா அந்தப் பெயிண்டுல ஓடினானுவ. நான் பொய் சொல்லுதேன்னு நெனச்சா அந்த போன நிமித்திப் பாத்துக்கோ.

மறு வருசம், 1966ல, மான்சாண்டோ கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்குல பண்ணின புல்லக் கொண்டாந்து விரிச்சான். அதுக்கு வேற பேரு இருந்துது. இந்த எடத்துல விரிச்ச பொறவு ஆஸ்ட்ரோடர்ஃப்னு ஆயிப்போச்சு. தண்ணி வேண்டாம், வெயிலு வேண்டாம், மாடு தின்னாது. அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? உலகம் பூரா வித்தான்.

சரி தாத்தா, அவன் ஊருல அவன் பிளாஸ்டிக் விரிச்சா நமக்கென்னன்னு கேக்க. கேக்கணும், நல்ல கேள்வி. நம்ம கோவில்பட்டிய நெனச்சுப் பாரு.

நம்ம பக்கத்துல கம்பெடுத்தா சண்டைக்கில்ல, ஹாக்கிக்கு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற வீட்டுப் பயலும் கட்டாந்தரையில வளைகம்ப வச்சு ஆடுவான். நம்ம தேசமே அப்படித்தான் ஆடிச்சு. 1928ல இருந்து 1956 வரைக்கும் ஒலிம்பிக்ல ஹாக்கி தங்கம் வேற எவன் கைக்கும் போவல. 1975ல கோலாலம்பூருல உலகக் கோப்பையையும் தூக்கிட்டு வந்தாவ. அதுவும் புல்தரையில. மறு வருசம் 1976, மாண்ட்ரியல் ஒலிம்பிக். அங்க முதல்முதலா ஹாக்கிக்கு செயற்கைத் தரை விரிச்சிட்டான். மண்ணுல குதிக்குத பந்துக்கு ஏத்தாப்புல கை பழகினவன், வழுவழுன்னு ஓடுத தரையில என்ன செய்வான்? நம்ம ஆளுவ ஏழாவதா வந்தாவ. ஒலிம்பிக் ஹாக்கியில பதக்கம் இல்லாம திரும்பினது அதுதான் முதல் தடவ. எல்லாப் பழியையும் தரை மேல போட நான் ஒத்துக்க மாட்டேன். சங்கத்துல நடந்த அரசியலும் சேந்துதான் கவுத்துச்சு. ஆனாலும் கணக்குப் பாரு. ஹூஸ்டன்ல கொசு கடிச்சுது, கோவில்பட்டியில பய கம்ப வச்சுக்கிட்டு முழிச்சான்.

இப்போ நம்ம ஊருலயும் செயற்கைத் தரை வந்தாச்சு. நல்ல விசயம், பயலுவ முன்னேறி வாரானுவ, இந்தியாவுக்கே ஆடுதானுவ. வயித்தெரிச்சல் எனக்கில்ல. ஒரே ஒரு சங்கடந்தான். அந்தத் தரைக்கு ஆட்டத்துக்கு முன்ன தண்ணி தெளிக்கணுமாம், பந்து சறுக்கி ஓடதுக்கு. நம்ம கரிசல் மானாவாரி பூமி. பருத்தியும் உளுந்தும் மழைக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கும். குடிதண்ணிக்குக் குடத்த வச்சுக்கிட்டு வரிசையில நின்ன ஊரு. இங்க பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணி பாய்ச்சுதோம்! தண்ணி வேண்டாத புல்லுதான அது? சரி விடு, நான் கேட்டா பழைய ஆளும்பாவ.

பல்நோக்குன்னு ஒரு வார்த்த நீ போற அரங்கத்து நோட்டீசுல போட்டிருக்கே, அதப் படிச்சு நீ வாயப் பொளந்த. நம்ம கம்மங்களம் என்ன நோக்குல? காலையில சூடு அடிச்சோம். மத்தியானம் வத்தல் காயப் போட்டோம். சாயங்காலம் பயலுவ சடுகுடு. ராத்திரி பாவைக்கூத்து. நடுவுல ஏதாவது வில்லங்கம்னா பஞ்சாயத்தும் அங்கதான். அதுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டா, ஒரு லோகோ உண்டா? கருக்கல்ல எவனாவது ஒருத்தன் கூட்டிவிட்டா அடுத்த வேலைக்கு ரெடி.

ஆஸ்ட்ரோடோமுல அந்தக் கூட்டிவிடுத வேலைதான் கோடிக் கணக்குல ஆச்சு. பேஸ்பாலுக்கு மைதானம் ஒரு வடிவம், அவிய ஊரு ஃபுட்பாலுக்கு இன்னொரு வடிவம். அதுக்காவ கீழ்வரிசை சீட்டையெல்லாம் தண்டவாளத்துல வச்சு உருட்டித் திருப்புவாவ. ஆட்கள் உக்காருத திண்ணையே நகரும்! 1968ல கல்லூரிப் பயலுவ கூடைப்பந்து ஒண்ணு வச்சாவ. 52,693 பேரு வந்தாவ. அம்மாம் பெரிய மைதானத்துக்கு நட்டநடுவுல ஒரு மரப்பலகைத் தரையப் போட்டு ஆடினாவ. அந்தப் பலகையக் கூட லாஸ் ஏஞ்சல்ஸுல இருந்து கொண்டாந்தாவ. முதல் வரிசையில உக்காந்தவனுக்கே ஆட்டம் நூறு அடிக்கு அந்தால. கூட்டத்துக்குக் கூட்டமா வந்து, எல்லாரும் தூரத்துல இருந்து எதையோ பாத்துட்டுப் போயிருக்காவ.

ஒரு எடத்துல எல்லாத்தையும் தொங்கவிட்டா என்ன ஆவும்னு கேளு. 1974ல மைக் ஷ்மிட்னு ஒருத்தன் அடிச்சான் பாரு ஒரு அடி. பந்து வேலியத் தாண்டியிருக்கணும். கூரையில பாட்டுக்கும் அறிவிப்புக்கும் ஸ்பீக்கரு தொங்கவிட்டிருந்தாவ. அதுல போயி டொங்குன்னு மோதி, செங்குத்தா கீழ விழுந்திருச்சு. ஊரே கும்பிடுத அடி, முதல் பேஸ் வரைக்கும் ஓடினதோட முடிஞ்சு போச்சு. அதுக்கும் முந்தி, தொறந்த வருசத்துலயே, ரேடியோவுல வர்ணனை சொல்லுத ஒருத்தரக் கூண்டுல ஏத்தி உச்சிக் கூரைக்கு இழுத்துட்டாவ, அங்க இருந்து சொல்லட்டும்னு. பந்து அவரு மேல பட்டா என்ன கணக்குன்னு ஒரு கோச்சு நடுவரக் கேட்டிருக்காரு. கூரையில பட்டாலே ஆட்டம் தொடரும், அதனால அவரும் ஆட்டத்துல சேத்திதான்னுட்டாராம் நடுவரு. 208 அடி ஒசரத்துல இருந்து அந்த மனுசனுக்கு பந்து தெரிஞ்சிருக்குமான்னு கேக்காத. பக்கத்துல ஸ்கைபாக்ஸுல காசு குடுத்து உக்காந்திருந்தவனுக்கே தெரியல.

1973ல நடந்தது இன்னும் தமாசு. பாபி ரிக்ஸுன்னு ஒரு டென்னிஸ்காரரு, 55 வயசு. பொம்பளைய ஆட்டம் என்ன ஆட்டம், இந்த வயசுலயும் நான் ஜெயிப்பேன்னு வாய விட்டாரு. பில்லி ஜீன் கிங்குன்னு ஒரு அம்மா, 29 வயசு, வாடான்னு வந்து நின்னுட்டா. பேஸ்பால் மைதானத்துல டென்னிஸ் தரைய விரிச்சாவ. 30,000க்கு மேல கூட்டம். அந்த அம்மாவ சட்டையில்லாத தடிப்பயலுவ பல்லக்குல தூக்கிட்டு வந்தானுவ. அவரு ரிக்‌ஷாவுல வந்தாரு, பொம்பளப் பிள்ளைய இழுத்துட்டு வந்தாவ. அவரு பெரிய மிட்டாய் ஒண்ணு குடுத்தாரு, அந்த அம்மா பதிலுக்கு ஒரு பன்னிக்குட்டியக் குடுத்தா. இவ்வளவும் முடிஞ்ச பொறவுதான் ஆட்டம். மூணு செட்டுலயும் கிழவர வெளுத்து அனுப்பிட்டா அந்தத் தாயி. நான் அன்னைக்கு அங்க இல்லையேன்னு இன்னைக்கும் வருத்தம். ஆட்டத்துக்காவ இல்ல, அந்தப் பன்னிக்குட்டி பொறவு என்ன ஆச்சுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டங்கான்.

எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. ரோடியோன்னு மாட்டு வித்தை. வருசா வருசம் நடக்கும். பிளாஸ்டிக் புல்லச் சுருட்டி ஓரங்கட்டிட்டு, லாரி லாரியா மண்ணக் கொண்டாந்து கொட்டுவாவ. அதாவது, மண்ண மூடி கட்டடம் கட்டி, கட்டடத்துக்குள்ள மறுபடி மண்ணு. காளை துள்ளும், மேல ஏறினவன் எட்டு செகண்டு தாக்குப் பிடிக்கணும். நம்ம வாடிவாசல் பாத்த கண்ணுக்கு எட்டு செகண்டு பெருசில்லதான், ஆனா மாட்டு மேல உக்காந்து எட்டு செகண்டுங்கது வேற. மாடு போன பொறவு அதே மண்ணுல மேடையத் தள்ளிக் கொண்டாந்து பாட்டுக் கச்சேரி. 1995 பிப்ரவரியில செலீனான்னு ஒரு பொண்ணு பாடினா. 60,000 பேருக்கு மேல கூட்டம். அடுத்த மாசமே சுட்டுக் கொன்னுட்டாவ அந்தப் பிள்ளைய. 23 வயசு. அந்தக் கச்சேரிய இன்னைக்கும் சனங்க போட்டுப் போட்டுப் பாக்காவ. மாடு நின்ன மண்ணுலதான் அது நின்னு பாடிச்சு. கூரைக்கு அடியில எதிரொலி வரும், கூட்டுப் பாட்டு குழம்பும்னு வாத்தியக்காரனுவ சொல்லுவானுவ. அவளுக்கு என்னமோ அந்தக் கூரையும் கட்டுப்பட்டிருக்கு.

மழைக்கும் பயந்து கட்டினாவல்லா, மழை சும்மா விட்டுச்சா? 1976 ஜூன் 15. ஊருல பேய் மழை. அரங்குக்குள்ள ஒரு சொட்டு இல்ல. ஆட்டக்காரனுவ முன்னமே உள்ள வந்துட்டானுவ. நடுவரு வரல, சனம் வரல. ரோடெல்லாம் வெள்ளம். ஆட்டத்த ரத்து பண்ணிட்டாவ! கூரை போட்ட மைதானத்துல மழையால ஆட்டம் ரத்து. ரெண்டு டீமும் மைதானத்துல மேசையப் போட்டு ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டானுவ. கூரை போட்ட எஞ்சினியருக்கு அரங்கம் தெரிஞ்சுது, அரங்கத்துக்கு வார பாதை தெரியல. நீ போற எடத்துக்கும் பஸ்சு எப்போ, ரயிலு எப்போ, முடிஞ்சு திரும்பி வரதுக்கு என்ன வழின்னு கேட்டு வச்சிருக்கியா? பாட்டுப் பாடுதவன் தனி வண்டியில போயிருவான்ல.

பேரு வைக்கிற கூத்தக் கொஞ்சம் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. 2000த்துல பேஸ்பால் டீமு ஆஸ்ட்ரோடோம விட்டுட்டு ஊருக்குள்ள புது மைதானத்துக்குப் போச்சு. என்ரான்னு ஒரு கம்பெனி, 30 வருசத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல தாரேன், என் பேர வையின்னான். வச்சாவ. 2001 கடைசியில அந்தக் கம்பெனியே திவாலு. ஊரச் சுருட்டின கணக்கெல்லாம் வெளிய வந்துருச்சு. வாசல்ல பெரிய எழுத்துல அந்தத் திருட்டுப் பேரு நிக்குது. எடுத்தாப் போதும்னு டீமுக்காரனே 20 லட்சம் டாலருக்கு மேல குடுத்து அந்தப் பேரத் திரும்ப வாங்கினான். வச்சதுக்கும் காசு, எடுத்ததுக்கும் காசு. பொறவு ஒரு பழச்சாறு கம்பெனி பேரு. இப்போ 2025ல இருந்து ஒரு ஏசி கம்பெனி பேரு. பெத்த பிள்ளைக்கு இத்தன தடவ பேரு மாத்தினா ரேசன் கார்டுல சேப்பானா?

இன்னொண்ணும் இருக்கு அதே ஊருல. சம்மிட்டுன்னு கூடைப்பந்து அரங்கம், 1975ல தொறந்தது. கச்சேரியும் உண்டு. ராக்கெட்ஸ் டீமு 1994லயும் 95லயும் பட்டம் ஜெயிச்சப்போ அதுதான் அவிய வீடு. 2003ல டீமுக்கு அதவிட பெருசா புது அரங்கம் கட்டிக் குடுத்தாச்சு. பழச என்ன செய்ய? ஒரு சர்ச்சுக்காரவிய குத்தகைக்கு எடுத்தாவ. 2005ல இருந்து பந்து போட்ட எடத்துல பிரசங்கம். 2010ல ஊருக்காரன் 75 லட்சம் டாலருக்குக் கிரயமே பண்ணிக் குடுத்துட்டான். அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். கூட்டம் கூடதுக்குக் கட்டினது, கூட்டம் கூடுது. கைதட்டுதாவ, பாடுதாவ, உண்டியலும் நெறையுது. நீ போற கச்சேரிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியல.

கொஞ்சம் தண்ணி குடு. தொண்ட காஞ்சு போச்சு.

2005 ஆகஸ்டு கடைசி. கேத்ரீனாப் புயல். பக்கத்து மாநிலத்துல நியூ ஆர்லியன்ஸ் ஊரு தண்ணியில முங்கிப் போச்சு. அங்கயும் ஒரு கூரை போட்ட பெரிய மைதானம் உண்டு, சூப்பர்டோமுன்னு பேரு. சனங்க அதுக்குள்ள போயி ஒண்டினாவ. காத்துல அதோட கூரையில கொஞ்சம் பிச்சுக்கிட்டுப் போச்சு. கரண்டு இல்ல, கக்கூஸ் நெறைஞ்சு வழியுது, வெக்கையில கைப்பிள்ளைக்காரியெல்லாம் தவிக்கா. அவியள பஸ்சுல ஏத்தி 500 கிலோமீட்டருக்கு அந்தால ஹூஸ்டனுக்குக் கொண்டாந்தாவ. எந்த எடத்துல எறக்கினாவ? பேஸ்பாலும் போயி, ஃபுட்பாலும் போயி, ரோடியோவும் பக்கத்துப் புது மைதானத்துக்குப் போயி, சும்மா கெடந்த ஆஸ்ட்ரோடோமுல. தரை பூரா கட்டில். ஆயிரம் ஆயிரமா சனம். சோறு, மருந்து, பிள்ளைக்குப் பாலு, காணாமப் போனவன் பேர எழுதி ஒட்ட ஒரு செவுரு. ஸ்கைபாக்ஸ எவனும் தேடல. உள்ள வந்தவன் எல்லாம் முதல்ல கேட்டது குளிக்க எடம் எங்கன்னுதான்.

அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டப்போ, இப்படி ஒரு நோக்கத்த எவனும் எழுதி வைக்கல பாத்துக்கோ. ஸ்கைபாக்ஸ் கதவுக்கு அலங்காரம் யோசிச்சாவ, தரை பெருக்குதவனுக்கு விண்வெளி உடுப்பு யோசிச்சாவ. இத யோசிக்கல. ஆனாலும் இதுக்கு ஒதவிச்சு. அந்தக் கட்டடத்து மேல எனக்கு இருக்க மரியாதை பூரா அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான். மத்ததுக்கெல்லாம் சிரிப்புத்தான்.

அது முடிஞ்சு சனங்கள வேற எடத்துக்கு அனுப்பின பொறவு, கொஞ்ச வருசத்துல பூட்டு விழுந்துச்சு. இத என்ன செய்யன்னு ஊருல பட்டிமன்றமா நடந்திருக்கு. 2013ல 21.7 கோடி டாலரு செலவழிச்சு புதுசு பண்ணட்டுமான்னு சனங்க கிட்ட ஓட்டுக் கேட்டாவ. வேண்டாம்னு போட்டுட்டாவ. சரி, அப்போ இடிச்சுரட்டுமான்னா, ஐயோ அது நம்ம சொத்து, எங்க அப்பா என்னை அங்க கூட்டிட்டுப் போனாருன்னு அழுகுதாவ. காசு குடுக்கவும் மாட்டாவ, இடிக்கவும் விட மாட்டாவ. பங்காளி வீட்டு இடிஞ்ச செவுத்துக்கு நம்ம ஊருல நடக்குத பஞ்சாயத்து தோத்துப் போவும். மறு வருசம் தேசியப் பாரம்பரியச் சின்னம்னு பட்டியல்ல சேத்தாச்சு. இனி இடிக்கதுக்கும் ஆயிரத்தெட்டு கேள்வி.

இதுக்கு நடுவுல பேஸ்பால் டீமு போன அந்தப் புது மைதானத்துல என்ன கூரை போட்டிருக்கான் தெரியுமா? தொறந்து மூடுத கூரை! சக்கரத்துல ஓடும். நல்ல காலநிலைன்னா தொறந்து வச்சுக்குவாவ. கீழ என்ன? நெசப் புல்லு. அட, வானத்த மூட 1965ல மூணரைக் கோடி டாலரு. அந்த வானத்தத் திரும்பத் தொறக்க 2000த்துல 25 கோடி டாலரு. இடையில 34 வருசம் பிளாஸ்டிக்குல விழுந்து எத்தன பய முட்டி தேஞ்சானோ.

2018ல ஆஸ்ட்ரோடோமுக்கு இன்னொரு திட்டம் போட்டாவ. மாவட்ட அதிகாரிங்க கூடி கைநாட்டும் வச்சாச்சு. 10.5 கோடி டாலரு. அந்த அரங்கத்தோட தரை பள்ளத்துல இருக்கு. பள்ளத்த மேல ஒசத்திட்டு, அடியில ரெண்டு மாடிக்கு கார் நிறுத்துவாவளாம், 1,400 காரு. மகன் இதச் சொன்னதும் நான் சுத்துமுத்தும் பாத்தேன். அந்தக் கட்டடத்தச் சுத்தி நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டின மட்டும் என்ன கெடக்கு? கார் நிறுத்துத தரை! அவ்வளவும் காலியா வெயில்ல காயுது. அதுக்கு நடுவுல நிக்குத எட்டாவது அதிசயத்துக்குள்ளயும் காரத்தான் நிறுத்தணுமா?

நல்ல யோசனைதாம்லன்னேன் அவன் கிட்ட. காருக்காவது நெழலு கெடைக்கும், கொசு கடிக்காது. அந்தத் திட்டமும் நின்னு போச்சுப்பான்னான்.